டிஜிட்டல் கேமை நண்பருக்கு இரவல் கொடுப்பது எப்படி?

டிஸ்க்கில் வாங்கிய கேமை நண்பர் கேட்டால் பெட்டியோடு எடுத்துக் கொடுத்துவிடலாம். டவுன்லோடு செய்து வாங்கிய கேமில் அந்தச் சௌகரியம் கிடையாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது உங்கள் கணக்கின் பெயரில் பதிவான ஓர் அனுமதியைத்தான். அந்த அனுமதியை மட்டும் பிரித்தெடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள ஏதோ ஒரு வழியை வைத்திருக்கின்றன. அந்த வழிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் செல்லுபடியாகும் விதி இன்னொன்றில் செல்லாது.

நானும் என் நண்பர்களும் இவற்றை ஒவ்வொன்றாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அதே பாடுபட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வசதிகளில் சேர ஒரு நிமிடம் போதும். சேர்ந்தது தப்பு என்று தெரிந்து மாற்ற நினைத்தால் ஓராண்டுகூட ஆகலாம். அதனால் எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் யாரோடு, எந்தக் கேமை, எவ்வளவு நாளைக்கு என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. நண்பர் எங்கே இருக்கிறார், என்ன வைத்திருக்கிறார்?

முதலில் மூன்று விஷயங்களை நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா, அடிக்கடி நேரில் பார்க்கிற தூரத்தில் இருக்கிறாரா, வேறு ஊரில் இருக்கிறாரா? பெரும்பாலான பகிர்வு வசதிகள் ‘குடும்பம்’ என்ற பெயரில்தான் வருகின்றன. ஒரே வீடு, ஒரே நாடு என்று நிபந்தனை போடுகின்றன. வேறு ஊரில் இருப்பவருக்கு இவற்றில் பாதி பயன்படாது. அவருக்கான வழிகளை 8ஆவது பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் இருப்பது எந்தக் கருவி? பிளேஸ்டேஷன் கன்சோலில் (டிவியோடு இணைத்து ஆடும் கேம் கருவி) வாங்கிய கேமை எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வைத்திருப்பவருக்குக் கொடுக்க வழியே இல்லை. அப்படியானால் இரவல் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, சேர்ந்து ஆடும் வழியைப் பாருங்கள்.

மூன்றாவது, அவர் தனியாக ஆட விரும்புகிறாரா, உங்களோடு சேர்ந்து ஆட விரும்புகிறாரா? நாற்பது மணி நேரக் கதையைத் தனியாக ஆடி முடிக்க வேண்டும் என்றால் அவருக்கு இரவல்தான் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆடத்தான் என்றால் இரவலே தேவையில்லாமல் போகலாம். அதற்காகக் கணக்குகளை இணைப்பது வீண் வேலை.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இந்த வேலைக்குச் சான்றிதழ் நகல் எதுவும் தேவைப்படாது. ஆனால் கீழே சொல்வது கையில் இல்லாமல் ஆரம்பித்தால் பாதியில் நிற்க வேண்டிவரும்.

கணக்கோடு இணைந்த மின்னஞ்சல். அழைப்பும் உறுதிப்படுத்தும் செய்தியும் அதற்குத்தான் வரும். பள்ளியிலோ கல்லூரியிலோ கொடுத்த பழைய முகவரியில் கணக்கு தொடங்கியிருந்தால், அதற்குள் இப்போதும் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் அடுத்த வேலைக்குப் போங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பு. பாஸ்வேர்டோடு கைபேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பு இது. கணினிக் கேம் கடையான ஸ்டீமில் இதற்கு ஸ்டீம் கார்டு (Steam Guard) என்று பெயர். மற்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. கைபேசியில் அமைத்துக்கொண்டு, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கைபேசி தொலைந்தால் அந்தக் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கணக்கில் பதிவான நாடு. இது இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். வெளிநாட்டுக் கடையில் விலை குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாட்டை மாற்றி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறந்த தேதி. குழுவைத் தொடங்குபவர் வயது வந்தவராக இருக்க வேண்டும். சின்ன வயதில் கணக்கு தொடங்கியபோது வாய்க்கு வந்த தேதியைக் கொடுத்திருந்தால், இப்போது உங்களையே சிறுவர் கணக்கில் சேர்த்துவிடும்.

வாங்கிய ரசீதுகள். கணக்கு கைவிட்டுப் போனால் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, எப்போது எதை எப்படிப் பணம் கட்டி வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். ரசீது மின்னஞ்சல்களைத் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

3. ஸ்டீம்: கணினியில் ஆடுபவர்களுக்கு

கணினியில் கேம் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 முதல் நடைமுறையில் இருப்பது ஸ்டீம் ஃபேமிலிஸ். உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம். சேர்ந்தவர்களின் லைப்ரரிகள் (அவரவர் வாங்கிய கேம்களின் தொகுப்பு) ஒன்றாகிவிடும். கட்டணம் இல்லை. ஸ்டீம் செயலியின் அமைப்புகளுக்குள் குடும்பம் என்ற பகுதிக்குப் போய், குழுவை உருவாக்கி, உங்கள் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்களை அழைக்கலாம். அழைக்கும்போதே அவர் பெரியவரா சிறுவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட வேண்டாம். சிறுவர் கணக்காகச் சேர்ந்தவர் தானாக வெளியேற முடியாது.

யார் எதை ஆடலாம்? நீங்கள் கார் ரேஸ் கேமில் இருக்கிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் தங்கை அவளுடைய கணினியில் உங்கள் லைப்ரரியிலிருந்து ஒரு புதிர் கேமைத் திறக்கிறாள். இருவருக்கும் தடையில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளும் அதே கார் ரேஸைத் திறக்கப் பார்த்தால் முடியாது. குழுவில் அந்தக் கேம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அது உங்களிடம் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் அதை ஆட வேண்டுமானால் குழுவில் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டும். பிரதிகள் யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. சேவ் ஃபைல்களும் அச்சீவ்மென்ட்களும் அவரவர் கணக்கில் தனித்தனியாக இருக்கும். நீங்கள் விட்ட இடத்தை யாரும் அழித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

இப்போது கவனிக்க வேண்டியவை.

இது ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தினருக்கான வசதி என்று ஸ்டீம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வேறு ஊரில் இருக்கும் நண்பரை இதில் சேர்க்கத் திட்டம் போட வேண்டாம்.

பெரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் குழுவைவிட்டு வெளியேறலாம். ஆனால் இன்னொரு குழுவில் சேரவோ புதிதாகத் தொடங்கவோ, முதல் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அவர் விட்டுப்போன இடத்துக்கும் ஓராண்டுக் கணக்கு உண்டு, உடனே வேறு ஆளைப் போட முடியாது. ஆறு இடம் இருக்கிறதே என்று முதல் நாளே கேட்டவர்களையெல்லாம் சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் சொந்தத் தம்பிக்கு இடமில்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். இரண்டு இடங்களையாவது காலியாக விடுங்கள்.

குழுவில் உள்ள ஒருவர் உங்கள் பிரதியை வைத்து ஆன்லைனில் ஏமாற்று வேலை செய்து தடை வாங்கினால், அந்தக் கேமில் உங்களுக்கும் தடை விழும். இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பல வருடம் ஆடிச் சேர்த்ததெல்லாம் அடுத்தவர் செய்த காரியத்தால் ஒரே நாளில் போய்விடும். ஏமாற்று மென்பொருள் பயன்படுத்துபவர் என்று தெரிந்தால், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் குழுவில் சேர்க்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எல்லாக் கேம்களும் பகிரப்படுவதில்லை. தயாரித்தவர்கள் வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளலாம். தனிச் சந்தாவோ வேறொரு நிறுவனத்தின் கணக்கோ கேட்கும் கேம்களும் பெரும்பாலும் பகிர்வில் வராது. கேமின் கடைப் பக்கத்தில், அதன் வசதிகளைப் பட்டியலிட்டிருக்கும் இடத்தில் குடும்பப் பகிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பகிர்ந்துகொள்வதற்காகவே ஒரு கேமை வாங்குகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன் பாருங்கள். மறந்துவிட்டால், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு இல்லாமல் கேம்களை விற்கும் ஜிஓஜி போன்ற கடைகளும் இருக்கின்றன. அங்கே வாங்கிய நிறுவும் கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துத் தரத் தொழில்நுட்பம் தடுக்காது. ஆனால் உரிமம் உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். நம்பிக்கை வைத்துப் பூட்டு போடாமல் விற்பவர்களை நாம் ஏமாற்ற வேண்டாம்.

4. நின்டெண்டோ: உண்மையிலேயே இரவல் என்று சொல்லத்தக்கது

மற்ற எல்லாவற்றிலும் நடப்பது பகிர்வு. இரவல் என்றால் பொருள் நம் கையைவிட்டுப் போய்த் திரும்பி வர வேண்டும். 2025 ஏப்ரல் மாத இறுதியில் நின்டெண்டோ கொண்டுவந்த மெய்நிகர் கேம் கார்டு (டவுன்லோடு செய்து வாங்கிய கேமைக் கார்டு போலக் கைமாற்றும் வசதி) அப்படித்தான் வேலை செய்கிறது. நின்டெண்டோவின் கேம் கருவிகளான ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 இரண்டிலும் இது உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடும் இதுதான். யாரிடம் என்ன இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியும்.

முதல் வேலை, குடும்பக் குழு. வயது வந்த ஒருவர் தன் நின்டெண்டோ கணக்கில் குழுவைத் தொடங்கி மற்றவர்களை அழைக்க வேண்டும். மொத்தம் எட்டுக் கணக்குகள் வரை. எல்லோருடைய கணக்கிலும் நாடு ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரில் சந்திப்பது. கேமைக் கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றையொன்று வயர்லெஸ்ஸில் கண்டுபிடித்த பிறகே கார்டு கைமாறும். ஆகவே வெளியூர் நண்பருக்குத் தூரத்திலிருந்தே அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, கொடுப்பது. முகப்புத் திரையில் மெய்நிகர் கேம் கார்டு பகுதிக்குப் போய், கேமைத் தேர்ந்தெடுத்து, குழு உறுப்பினருக்கு இரவல் கொடு என்பதை அழுத்துங்கள். அவர் தன் கருவியில் ஏற்றுக்கொண்டு டவுன்லோடு செய்ய வேண்டும். சந்திக்கும் இடத்தில் நல்ல இணையம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம், டவுன்லோடை வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். கருவியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவல் 14 நாட்கள். அதுவரை நீங்கள் அந்தக் கேமை ஆட முடியாது. நாள் முடிந்ததும் நீங்கள் கேட்காமலே கார்டு உங்களிடம் திரும்பிவிடும். முன்னதாகவே ஆடி முடித்தால் அவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேம்தான் கொடுக்க முடியும்.

14 நாளில் முடிக்க முடியாத கேம் என்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவருடைய சேவ் ஃபைல் அவர் கருவியிலேயே தங்கிவிடும். கடைசிக் கோட்டை வாசலில் நின்றிருக்கும்போது கார்டு திரும்பிப் போயிருந்தால், மறுபடி இரவல் வாங்கியோ சொந்தமாக வாங்கியோ அதே வாசலிலிருந்து தொடரலாம். பெரிய கேமைக் கேட்பவருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தூக்கம் கெட்டு ஆடுவார்.

கடையில் வாங்கும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விட்ச் 2க்கு வரும் சில பெட்டிகளில் இருப்பது கேம்-கீ கார்டு. அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது. முதல் தடவை இணையத்திலிருந்து டவுன்லோடு செய்ய வேண்டும், அப்புறம் ஆடும்போதெல்லாம் கார்டைச் செருகியிருக்க வேண்டும். ஆனால் அது எந்தக் கணக்கோடும் ஒட்டிக்கொள்வதில்லை. சாதாரணக் கார்டைப் போலவே கையில் கொடுத்து வாங்கலாம், 14 நாள் கணக்கெல்லாம் இல்லை. பெட்டியின் முன்பக்கம் அடியில் அந்தக் குறிப்பு அச்சிட்டிருக்கும். பெட்டிக்குள் வெறும் டவுன்லோடு குறியீடு மட்டும் இருக்கும் வகை வேறு. அதை ஒருமுறை பதிந்துவிட்டால் அந்தக் கணக்கோடு சரி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரவல் கொடுத்துப் பழகிய வீடாக இருந்தால் கார்டாக வாங்குவதுதான் நல்லது என்பேன்.

ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்களுக்கு கேம்ஷேர் என்ற இன்னொரு வழியும் உண்டு. இதை ஆதரிக்கும் கேம்களில், பக்கத்தில் இருக்கும் மற்றவர்கள் கேமை வாங்காமலே சேர்ந்து ஆடலாம். அவர்கள் கையில் பழைய ஸ்விட்ச் இருந்தாலும் போதும். பகிர்பவரிடம் மட்டும் ஸ்விட்ச் 2 இருக்க வேண்டும். கூடி உட்கார்ந்து ஆட அருமையான வசதி. எல்லோரும் கிளம்பியதும் கேமும் அவர்களோடு போகாது, அவ்வளவுதான்.

5. பிளேஸ்டேஷன்: இரண்டு வழிகள், இரண்டு விதமான நண்பர்கள்

தூரத்து நண்பருக்கு ஏற்றது ஷேர் பிளே. உங்கள் கேம் உங்கள் கன்சோலில் ஓடும், படம் மட்டும் அவர் திரைக்குப் போகும். கட்டுப்பாட்டை அவர் கையில் கொடுத்துவிட்டால் வாங்காத கேமை அவர் ஆடலாம். ஒரு தடவைக்கு 60 நிமிடம். நேரம் முடிந்ததும் துண்டித்துவிடும், விருப்பமிருந்தால் மறுபடி தொடங்கலாம். நடத்துபவருக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். இருவரும் சேர்ந்து ஆடும் வகை என்றால் வருபவருக்கும் சந்தா வேண்டும். நீங்கள் கன்சோலை இயக்கி வைத்தால்தான் அவர் ஆட முடியும் என்பதால் நீண்ட கதைகளுக்கு இது ஒத்துவராது. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கேமைச் சுவைத்துப் பார்க்கத் தாராளமாகப் போதும். இணையம் மந்தமாக இருந்தால் சண்டைக் கேம்களை இதில் முயல வேண்டாம். பொத்தானை அழுத்தியதும் அடி விழாது.

இரண்டாவது, கன்சோல் பகிர்வு. பிளேஸ்டேஷன் 5இல் அமைப்புகள், பயனர்களும் கணக்குகளும், மற்றவை என்று உள்ளே போனால் இது இருக்கும். ஒரு கணக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் இதை இயக்கலாம். இயக்கிய கன்சோலில் வேறு கணக்கில் நுழைபவர்களும் உங்கள் டிஜிட்டல் கேம்களை ஆடலாம். பிளேஸ்டேஷன் 4இல் இதையே ‘முதன்மை’ என்று அழைக்கிறார்கள்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு இது பிரமாதமான ஏற்பாடு. தம்பி தன் கணக்கிலேயே ஆடலாம், ஆட்டத்தில் ஜெயிக்கும் கோப்பைகளும் அவனுக்கே. வேறு வீட்டில் உள்ள கன்சோலில் இயக்குவதற்கு முன் மட்டும் மூன்று விஷயங்களை யோசியுங்கள். ஒன்று, பகிர்வு அங்கே இருந்தால் உங்கள் சொந்தக் கன்சோலில் ஆட இணையம் வேண்டும். இணையம் போன நாளில் உங்கள் கேமே உங்களுக்குத் திறக்காது. இரண்டு, இயக்குவதற்கு உங்கள் கணக்கு அந்தக் கன்சோலில் நுழைந்தாக வேண்டும். அதில் கடையும் இருக்கிறது, சேமித்த கார்டும் இருக்கிறது. மூன்று, அந்தக் கன்சோல் பழுதானாலோ விற்கப்பட்டாலோ, எல்லாக் கருவிகளையும் இணையம் வழியாக மொத்தமாக நீக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அதைச் செய்ய முடியும்.

6. எக்ஸ்பாக்ஸ்

ஒரு கணக்குக்கு ஒரு ‘வீட்டு எக்ஸ்பாக்ஸ்’ என்பதுதான் இங்கே விதி. வீட்டு எக்ஸ்பாக்ஸாகக் குறித்த கன்சோலில் யார் நுழைந்தாலும் நீங்கள் வாங்கிய கேம்களை ஆடலாம், உங்களிடம் கேம் பாஸ் (பல கேம்களை ஆட விடும் சந்தா) இருந்தால் அதுவும் கிடைக்கும். நீங்கள் வேறு கன்சோலில் உங்கள் கணக்கில் நுழைந்து, இணையத்தோடு ஆடிக்கொள்ளலாம். அமைப்புகளில் தனிப்பயனாக்கம் என்ற பகுதியில் இதைக் குறிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில தடவைதான் மாற்றலாம் என்பதால் வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்ற முடியாது.

எக்ஸ்பாக்ஸ் கணக்கு என்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு. உங்கள் மின்னஞ்சலும் சேமித்த கோப்புகளும் அதே பாஸ்வேர்டில் இருக்கலாம். நண்பர் வீட்டுக் கன்சோலில் நுழைய வேண்டிவந்தால் நீங்களே போய்த் தட்டச்சு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

7. கைபேசி

ஆப்பிளிலும் கூகுள் பிளேயிலும் ஆறு பேர் குடும்பம் அமைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய கேம்களில், பகிர்வை ஆதரிப்பவை எல்லோருக்கும் கிடைக்கும். ஆப்பிள் ஆர்கேட் சந்தாவும் அப்படித்தான். கேமுக்குள் வாங்கும் நாணயம், ஆடை, ஆயுதம் போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நண்பர்களோடு இதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன். காரணம் பணம். ஆப்பிளில் வாங்குதல் பகிர்வை இயக்கினால் குடும்பத்தினர் வாங்குவது அமைப்பாளரின் கார்டில் போய் விழும். கூகுளிலும் குடும்ப மேலாளர் ஒரு பொதுக் கட்டண முறையை வைத்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கேமுக்காக உங்கள் கார்டை ஐந்து பேர் கையில் கொடுக்க வேண்டுமா? அதோடு, இரண்டிலும் குடும்பத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். நண்பரின் குழுவில் சேர்ந்துவிட்டு, அப்புறம் அம்மா அப்பா குழு தொடங்கும்போது வெளியே நிற்க வேண்டியதாகிவிடும்.

8. ஒருவர் வாங்கினால் போதும் என்ற கேம்கள்

தூரத்து நண்பர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். கணக்கை இணைக்க வேண்டாம், யார் யாருக்குக் குடும்பம் என்ற கேள்வியும் இல்லை.

‘இட் டேக்ஸ் டூ’, ‘ஸ்பிளிட் ஃபிக்ஷன்’ இரண்டும் இருவர் சேர்ந்தே ஆட வேண்டியவை. இரண்டிலும் ஃபிரண்ட்ஸ் பாஸ் உண்டு. ஒருவர் வாங்கினால் மற்றவர் அந்தப் பாஸை இலவசமாக டவுன்லோடு செய்து, அழைப்பை ஏற்று, முழுக் கேமையும் சேர்ந்து ஆடி முடிக்கலாம். 2025இல் வந்த ஸ்பிளிட் ஃபிக்ஷனில் இருவரும் வேறு வேறு கருவிகளில் இருந்தாலும் பரவாயில்லை. இவற்றை வெளியிட்ட ஈஏ நிறுவனத்தின் கணக்கு இரண்டு பேருக்கும் வேண்டும், ஆடும் நாளுக்கு முன்பே தொடங்கி வையுங்கள்.

ஸ்டீமில் ரிமோட் பிளே டுகெதர் இருக்கிறது. ஒரே அறையில், ஒரே திரையில் பலர் ஆடுவதற்காகச் செய்த கேம்களை இணையம் வழியாக ஆட இது உதவும். கேம் உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் போதும். நண்பருக்குப் படம் போகும், அவர் அழுத்தும் பொத்தான் உங்களுக்கு வரும். கேமைத் திறந்துவிட்டு, நண்பர்கள் பட்டியலில் அவர் பெயரை வலது கிளிக் செய்து அழைத்தால் முடிந்தது. ஸ்டீம் கணக்கே இல்லாதவருக்கும் இணைப்பு அனுப்பலாம், அவர் ஸ்டீம் லிங்க் செயலியை நிறுவிக்கொண்டால் போதும். எல்லாப் படத்தையும் அனுப்புவது உங்கள் வீட்டு இணையம் என்பதால் அப்லோடு வேகம்தான் முக்கியம். யாருடைய அப்லோடு நன்றாக இருக்கிறதோ அவரே நடத்துங்கள். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகினால் வித்தியாசம் உடனே தெரியும்.

விருந்துக் கேம்களில் ஜாக்பாக்ஸ் வகையும் இப்படித்தான். ஒருவர் திரையில் கேம் ஓடும், மற்றவர்கள் தங்கள் கைபேசி பிரவுசரில் அறைக் குறியீட்டைப் போட்டுச் சேர்ந்துகொள்வார்கள்.

9. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பகிர்வுக்குக் கட்டணம் இல்லை என்று கேட்டதும் எல்லாமே இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது.

டேட்டா: இன்றைய பெரிய கேம்கள் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அளவு வைத்த இணையத் திட்டத்தில் இருக்கும் நண்பருக்கு அதுவே பெரிய செலவு. கேமின் அளவை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆன்லைன் சந்தா: இரவல் வாங்கிய கேமாக இருந்தாலும், கன்சோலில் ஆன்லைனில் மற்றவர்களோடு மோத அவரவருக்குச் சந்தா வேண்டிவரலாம். கேமைக் கொடுத்தால் சந்தாவும் கூடவே போகும் என்று எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

கூட்டாகப் பணம் போட்டு வாங்குவது: நான்கு பேர் பங்கு போட்டாலும் கேம் ஒருவர் கணக்கில்தான் பதிவாகும். நாளைக்கு அவர் குழுவைவிட்டுப் போனால் கேமும் அவரோடு போகும். ஒரே விலையுள்ள கேம்களை ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது மேல். பிரிய நேர்ந்தாலும் அவரவர் வாங்கியது அவரவரிடம் இருக்கும்.

10. பாஸ்வேர்டு கொடுத்துவிடலாமே?

எல்லோரும் கேட்பது இது. கொடுக்காதீர்கள்.

விதிகளுக்கு எதிரானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் நண்பர் ஒருவர் நம்பிக்கையானவருக்குத்தான் கொடுத்தார். அவர் அதை ஒரு பொதுக் கணினியில் போட்டு ஆடிவிட்டு, வெளியேறாமல் எழுந்து வந்துவிட்டார். கொஞ்ச நாளில் மின்னஞ்சல் முகவரி மாறியது, பாஸ்வேர்டு மாறியது. மீட்டுத் தரச் சொன்னபோது வாங்கிய ரசீதுகளைக் கேட்டார்கள். ரசீதுகள் எல்லாம் என் நண்பர் நுழைய முடியாத ஒரு பழைய முகவரியில் கிடந்தன. கேட்டவர், கொடுத்தவர் இருவருமே நல்லவர்கள். இருந்தும் பல வருடச் சேமிப்பு போனது, நட்பிலும் கீறல் விழுந்தது.

‘பகிர்வுக் கணக்கு’ என்று மலிவாக விற்பவர்களிடமும் போகாதீர்கள். அவர்கள் விற்பது வேறு யாருடைய கணக்குக்கான நுழைவை. உரியவர் பாஸ்வேர்டை மாற்றியதும் உங்கள் பணம் போய்விடும், புகார் சொல்ல இடமும் இருக்காது.

நண்பருக்கு நிரந்தரமாகவே தர ஆசை என்றால் பரிசாக வாங்கி அனுப்புங்கள். ஸ்டீமில் வாங்கும்போதே பரிசு என்று தேர்ந்தெடுக்கலாம். வேறு நாட்டில் இருப்பவர் என்றால் விலை வித்தியாசத்தால் சில நேரம் அனுமதிக்காது. கேம் தொகுப்புகளில் வந்து பயன்படுத்தாமல் கிடக்கும் குறியீடு இருந்தாலும் தரலாம், பதியும் முன் அது எந்தக் கருவிக்கானது என்று மட்டும் பாருங்கள்.

11. எப்போது எதைச் செய்வது

ஒரு வாரம் முன்பே: இருவரும் மின்னஞ்சல், நாடு, பிறந்த தேதி, இரட்டைச் சரிபார்ப்பு நான்கையும் சரிபாருங்கள். கேம் பகிர்வை ஆதரிக்கிறதா என்று கடைப் பக்கத்தில் பாருங்கள்.

முதல் நாள் இரவு: டவுன்லோடை ஓட விடுங்கள். கன்சோலுக்கும் கேமுக்கும் அப்டேட் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். நண்பர் வந்து உட்கார்ந்த பிறகு அப்டேட் ஓடினால் அந்த மாலை அதிலேயே போய்விடும்.

நண்பர் வீட்டுக் கன்சோலில் உங்கள் கணக்கு நுழையப் போகிறது என்றால்: சேமித்த கார்டை நீக்குங்கள், அல்லது ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

திரும்பப் பெறும்போது: அந்தக் கன்சோலில் பகிர்வை அணைத்து, உங்கள் கணக்கை நீக்கிவிட்டு வாருங்கள். தூரத்தில் இருந்தால் கணக்கின் கருவிப் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். நண்பர் சேவ் ஃபைலை வைத்துக்கொள்ள விரும்பினால் அவர் கணக்கில்தான் ஆடியிருக்கிறாரா என்று நீக்குவதற்கு முன்பே கேளுங்கள். உங்கள் கணக்கில் ஆடியிருந்தால், கணக்கை நீக்கும்போது அந்தக் கன்சோலில் உள்ள சேவும் சேர்ந்து அழியலாம்.